தகட்டு அடுக்கும் இழுப்புத் தட்டும்



நம் ஊர்களில் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்து பார்த்தவர்கள் அதன் பின்சுவரை எளிதில் மறக்கமாட்டார்கள். தரையிலிருந்து கைக்கு எட்டும் உயரம் வரையில் வரிசை வரிசையாக மரத்தாலான சிறு இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு குமிழ். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், கடுக்காய் என்று வாடிக்கைக்காரர் சொல்லி வாய் மூடுவதற்குள் கடைக்காரரின் கை உரிய அறைக்குச் சென்றுவிடும். அவருடைய கண்ணோ தராசை விட்டு அகலாது. தேடாமல் எடுப்பது என்னும் கலை அது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியும் அதே கலையின் சிறிய வடிவந்தான்.

இவ்விரண்டிற்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. அறையின் அளவு செய்த நாளிலேயே முடிந்துபோகிறது. கடுக்காய் விற்பனை குறைந்து அதிமதுரம் பெருகினால் தச்சரைத்தான் அழைக்க வேண்டும். பரம்பரையாக ஒரே தெருவில், ஒரே சரக்கை விற்கும் கடைக்கு இது பெரிய குறையன்று. ஊர் விட்டு ஊர் வந்து, வாடகைக் கொட்டகையில் தொழில் நடத்துபவருக்கு அப்படியன்று. அவருக்குச் சரக்கும் மாறும், இடமும் மாறும். ஆகையால், மாறக்கூடிய அடுக்கு ஒன்றை இரும்புத் தகட்டால் அமைப்பது எவ்வாறு என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

பெங்களூரில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1940-இல் விமானத் தொழிற்சாலை, 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் எச்.எம்.டி., 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று அடுத்தடுத்துத் தோன்றிய பெருந்தொழில்கள் இந்நகரைப் பட்டறைகளின் நகரமாக்கின. அவற்றில் வேலைக்கு வந்தவர்களில் தமிழர் பலர். பெரிய ஆலைக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பின்னர் பெருகின. 1970-களின் பிற்பகுதியில் பீனியாத் தொழிற்பேட்டை எழுந்தது. நம்மவர்களுள் கைத்தொழில் கற்றுத் தேர்ந்து, ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, சொந்தமாக லேத் ஒன்றை நிறுத்தியவர்கள் உண்டு. அத்தகையவர் முதலில் வாங்குவது எந்திரம். இரண்டாவது மின் இணைப்பு. அடுக்கு என்பது கடைசியில்தான் நினைவுக்கு வரும். அதுவரையில் துளையலகும் மரையாணியும் எண்ணெய் டப்பாக்களில் கிடக்கும். 8 மில்லிமீட்டர் அலகு ஒன்றைத் தேடி டப்பாவைக் கவிழ்ப்பதும், அகப்படாமற் போனால் புதிதாக ஒன்று வாங்கி வருவதும், வாங்கிய மறுநாள் பழையது கிடைப்பதும் பட்டறை வைத்தவர்கள் அனைவரும் அறிந்த செய்தி. அவசரத்தில் வாங்கிய அடுக்கினால் நேரக்கூடிய கேடோ இதனினும் பெரிது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மாறக்கூடிய அடுக்கின் வரலாறு ஓர் அச்சகத்தில் தொடங்குவது வியப்பானது. டிமெட்ரியஸ் கோமினோ என்பவர் ஆஸ்திரேலியாவில் கிரேக்கக் குடும்பத்திற் பிறந்தவர். லண்டனில் பொறியியல் பயின்று அங்கேயே அச்சகம் நடத்தினார். அவரும் இடம் பெயர்ந்து வாழ்ந்தவரே. அச்சகத்தில் மரச் சட்டங்களால் ஆன அடுக்குகளை வேலைக்கேற்ப அடிக்கடி பிரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் மரம் அறுபட்டு வீணாயிற்று. அறுக்காமலே மாற்றக்கூடிய சட்டம் வேண்டும் என்று அவர் எண்ணினார். நெடுகத் துளையிட்ட கோண இரும்பும், மரையாணியும், மூலைத் தகடும் மட்டுமே கொண்டு எதையும் கட்டலாம் என்ற அவருடைய எண்ணம் 1947-இல் 'டெக்ஸியான்' என்ற பெயருடன் சந்தைக்கு வந்தது. இன்று நம் இரும்புக் கடைகளில் 'ஸ்லாட்டெட் ஆங்கிள்' என்று கேட்டால் கிடைப்பது அந்த வகையைச் சேர்ந்ததே. அச்சகத்தில் எழுத்து அறைகளைத் தட்டுத் தட்டாக இழுத்து எடுக்கும் பழக்கமும் முன்பே உண்டு. அதிலும் தமிழ் அச்சுக் கோப்பவருக்கு ஆங்கிலம் கோப்பவரைவிட அறைகள் மிகுதி. எனவே துளையிட்ட சட்டம், இழுப்புத் தட்டு என்ற இரண்டிற்கும் அச்சகத்தில் இடம் இருந்தது என்று சொல்லலாம்.

பெங்களூரில் வாழ்ந்த மற்றொரு தமிழரையும் இங்கே நினைக்க வேண்டும். சீர்காழியில் 1892-இற் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். இரங்கநாதன் தம் பிற்காலத்தை இந்நகரிலேயே கழித்தார். 1962-இல் இங்கே ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவினார். 1972-இல் இங்கேயே மறைந்தார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகத்தை வளரும் இயல்புடைய உயிராகவே கொள்கிறது. வளர்வது என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அடுக்கு வளராதிருப்பது எப்படிப் பொருந்தும்? நூலடுக்கின் அளவையும் இடைவழியின் அகலத்தையும்கூட அவர் தம் துறைக்குரிய பொருளாகவே கருதி எழுதினார். நூலுக்கு அவர் கண்டது துளையலகுக்கும் பொருந்தும்.

இனித் தகட்டுக்கு வருவோம். இரும்புக் கடையில் தகட்டின் பருமனை இன்னும் 'கேஜ்' என்ற எண்ணாலேயே பலர் கேட்கிறார்கள். அந்த எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பது புதியவரை ஏமாற்றும். 14 கேஜ் என்பது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9. நிமிர்ந்து நிற்கும் கால்களுக்கு 14, தட்டு ஓடும் தண்டவாளங்களுக்கு 18, தட்டுக்கு 20 என்று கொண்டால் பட்டறைக்குப் போதும்.

'0.9 மில்லிமீட்டர்த் தகடு சுமை தாங்குமா?' என்று கேட்பீர்கள். கையருகே ஓர் அஞ்சலட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு புத்தகங்களின் நடுவே பாலம்போல் வைத்து, நடுவில் ஒரு நாணயத்தை வையுங்கள், அட்டை தொய்யும். இப்பொழுது அட்டையின் இரு நீள ஓரங்களையும் விரலகலம் மேல்நோக்கி மடித்து மீண்டும் வையுங்கள். நாணயங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். அட்டை பருமனாகவில்லை, உயரம் பெற்றது. தகட்டு வேலையின் நுட்பமெல்லாம் இதில் அடங்கும். பருமனுக்குக் கொடுக்கும் பணத்தை மடிப்புக்குக் கொடுப்பவன் மிச்சம் பிடிப்பான்.

மடிப்பின் வடிவங்களை விளக்கத் தமிழ் நெடுங்கணக்கே உதவுகிறது. ஒரு மடிப்பு மடித்தால் 'ட'. இரு மடிப்பு மடித்தால் 'ப'. கோண இரும்பு ட; வாய்க்கால் இரும்பு ப. படம் வரையத் தெரியாத உதவியாளனிடம் 'டனா மடி, பனா மடி' என்று சொல்லி வேலை வாங்கும் மேஸ்திரிகளை நான் கண்டிருக்கிறேன். ஒருமுறைகூட அவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்படவில்லை.

தட்டு ஒன்றை இப்பொழுது வெட்டிப் பார்ப்போம். அகலம் 600 மில்லிமீட்டர், ஆழம் 460, சுவர் உயரம் 75 என்று வைத்துக்கொள்வோம். இருபக்கச் சுவர்களின் மேல்விளிம்பை 15 மில்லிமீட்டர் வெளிப்புறமாக இதழ்போல் மடிக்க வேண்டும்; அந்த இதழைப் பற்றிக்கொண்டே தட்டு ஓடும். முன்சுவரிலும் பின்சுவரிலும் அதே 15 மில்லிமீட்டரை உட்புறமாக மடித்து அமுக்கிவிட வேண்டும். இல்லையேல் விளிம்பு விரலை அறுக்கும். ஆக, மடிக்காத தகட்டின் அகலம் 600, இரு 75, இரு 15: மொத்தம் 780. ஆழம் அவ்வாறே 640. மடிப்பின் வளைவில் தகடு சற்று நீளுமாதலால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஓரிரு மில்லிமீட்டர் கழிக்கலாம். இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.

கடையில் கிடைக்கும் முழுத் தகடு 2,500-க்கு 1,250 மில்லிமீட்டர். அதன்மேல் நம் 640-க்கு 780 துண்டைப் போட்டுப் பாருங்கள். 1,250 அகலத்தில் 640 இருமுறை செல்லாது; 1,280 வேண்டும். எப்படித் திருப்பினாலும் ஒரு வரிசைதான். ஒரு தகட்டில் மூன்று தட்டுகள்தாம்! பாதித் தகடு துண்டாகப் போகிறது. தட்டின் ஆழத்தை 460-லிருந்து 440 ஆக்கிவிட்டால் துண்டு 620 ஆகும், இருமுறை 1,240. நீளவாட்டில் 780 மும்முறை 2,340. ஒரே தகட்டில் ஆறு தட்டுகள். 20 மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்துத் தட்டின் எண்ணிக்கையை இருமடங்காக்கினோம். முழுத் தகட்டின் எடை சுமார் 22 கிலோ. மூலைகளைக் கத்தரித்த பிறகு தட்டு ஒன்று மூன்று கிலோவுக்குச் சற்றே மேற்படும். மிஞ்சும் 160 மில்லிமீட்டர்ப் பட்டையை எறிய வேண்டாம். அதிலிருந்து தட்டின் உள்ளே செருகும் தடுப்புகளை வெட்டலாம்.

பென்சிலும் தாளும் கொண்டு அரைமணி நேரம் செய்யும் இந்தக் கணக்கை நம்மில் பலர் செய்வதில்லை. அளவை முதலில் தீர்மானித்து, தகட்டை அதற்கேற்ப வாங்கி, மீதியைப் பழைய இரும்புக்காரரிடம் கிலோ விலைக்குப் போடுகிறோம். தையற்காரர் துணியைப் பார்த்துத்தான் சட்டையை வெட்டுகிறார்.

தட்டு ஓடும் தண்டவாளத்திற்கு, படுக்கவைத்த ப வடிவம் வேண்டும். தட்டின் இதழ் அதன் வாய்க்குள் நுழைந்து ஓடும். கீழே தாங்கினால் மட்டும் போதாதோ எனின், போதாது. தட்டைப் பாதிக்கு மேல் வெளியே இழுத்தால் முன்பாரம் மிகுந்து பின்பக்கம் மேலெழும். மேலேயும் ஒரு பிடி இருந்தால்தான் அது கவிழாது. வாயின் இடைவெளி 4 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் இழுத்த தட்டு மூக்கைத் தொங்கவிட்டு நிற்கும். இத்துணை ஒடுங்கிய 'ப'வை மடிப்பு எந்திரத்தில் மடிப்பது கடினம். ஆகவே ஒரு ட துண்டைக் கீழேயும், மற்றொன்றைத் தலைகீழாக மேலேயும் வைத்துப் பற்றவைத்துக்கொள்வது வழக்கம். ஓட்டம் இலகுவாக இருக்கச் சிறிது மெழுகு தடவினால் போதும். எண்ணெய் தூசியைச் சேர்க்கும்.

இனி, முன்பு சொல்லாமல் நிறுத்திவைத்த செய்தி. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் இழுப்புத் தட்டு அடுக்கு ஒன்று வந்து இறங்கிற்று. குண்டுகள் உருளும் நீட்டுச் சட்டங்கள் பொருத்தியது. விரலால் தொட்டால் தட்டு முழுவதும் வெளியே வந்துவிடும். அனைவருக்கும் மகிழ்ச்சி. ஒருநாள் மாலை புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஒரு கருவியைத் தேடினான். மேல்தட்டை இழுத்தான்; இல்லை. அதை மூடாமல் அடுத்ததை இழுத்தான், அதிலும் இல்லை. மூன்றாவதை இழுத்தபோது அடுக்கு முழுவதும் அவன்மேல் சாய்ந்தது. எதிரே வைஸ் பொருத்திய கனமான மேசை இருந்ததால் அடுக்கு அதன்மேல் முட்டி நின்றது. பையன் இடைவெளியில் அகப்பட்டும் உயிர் தப்பினான். அவன் கை இரண்டு மாதம் கட்டில் இருந்தது. 'மூடாமல் இழுத்தது அவன் தவறு' என்று சிலர் கூறினர். தேடுகிறவன் மூடமாட்டான் என்பதை அடுக்கை அமைத்தவர் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இதன் கணக்கு எளிது. அடுக்கின் ஆழம் 460 மில்லிமீட்டர் என்க. சட்டமும் காலித் தட்டுகளும் சேர்ந்து 40 கிலோ. அந்த எடையின் மையம் முன்காலிலிருந்து 230 மில்லிமீட்டர் பின்னே இருக்கிறது. 40-ஐ 230-ஆல் பெருக்க 9,200. இதுதான் அடுக்கைப் பிடித்து நிறுத்தும் பலம். 20 கிலோச் சுமையுள்ள தட்டு முழுவதும் வெளியே வந்தால் அதன் மையம் முன்காலுக்கு 220 மில்லிமீட்டர் முன்னே நிற்கும், பெருக்கினால் 4,400. இரண்டு தட்டுகளுக்கு 8,800. இன்னும் அடுக்கு நிற்கிறது, மயிரிழையில். மூன்றாவது தட்டு வந்ததும் 13,200. அடுக்கு சாய்ந்தே தீரும். இப்பொழுது தட்டு 290 மில்லிமீட்டருக்கு மேல் வாராதபடி ஒரு தடையை வைத்துப் பாருங்கள். அதன் மையம் முன்காலுக்கு 70 மில்லிமீட்டர் முன்னேதான் வரும். பெருக்கம் 1,400. ஆறு தட்டுகளை ஒருங்கே இழுத்தாலும் 8,400-ஐத் தாண்டாது. இழுக்கும் கையின் விசையும் தரையின் சரிவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆகையால் தடையோடு நில்லாமல் அடுக்கைச் சுவரோடு பிணைக்கவும் வேண்டும். கனமான சரக்கு கீழ்த்தட்டுகளிலும் இலேசானவை மேலேயும் இருக்கட்டும். தட்டின் பின்கோடியில் மூன்றில் ஒரு பங்கு மறைந்திருக்கிறதே என்று குறைப்படுவோர் அங்கே அடிக்கடி தேவைப்படாதவற்றை வைக்கலாம்.

கால்களுக்கு வருவோம். 40 மில்லிமீட்டர்ப் பக்கமுள்ள ட வடிவக் கால்கள் நான்கு, உயரம் 1,800. அவற்றில் 25 மில்லிமீட்டருக்கு ஒரு துளை. இந்த 25-தான் அடுக்கின் தாளம். தட்டின் உயரங்களையும் அதற்கிசைய 50, 75, 100, 150 என்று வைத்துக்கொண்டால் எந்தத் தட்டும் எந்த இடத்திலும் பொருந்தும். 75 உயரத் தட்டு நூறு மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும். மேலே எஞ்சும் 25 கை நுழைவதற்கு. இன்று மரையாணி வைக்கும் இடத்தில் நாளை கம்பிச் சுருள் வைக்க வேண்டுமென்றால் இரண்டு தண்டவாளங்களைக் கழற்றி நான்கு துளை கீழே இறக்கினால் ஆயிற்று. கொக்கியில் மாட்டும் தண்டவாளங்கள் விரைவானவை. ஆயினும் கீழிருந்து முட்டினால் கழன்று வரும். மரையாணியே மேல் என்பேன். நான்கு மூலையிலும் ஆணி போட்ட சட்டம் பக்கவாட்டில் ஆடாதா என்றால், ஆடும். நாற்சதுரம் சாய்சதுரமாக விரும்பும். பின்புறத்தில் மூலைக்கு மூலை ஒரு சாய்வுப் பட்டை போட்டுவிட்டால் அந்த விருப்பம் தீர்ந்துவிடும். பதினாறு தட்டுகளில் 20 கிலோ வீதம் ஏற்றினால் 320 கிலோ. கால் ஒன்றுக்குச் சட்டத்தின் எடை நீங்கலாக 80 கிலோ. கால்களின் அடியில் சதுரத் தகடு வைக்காவிட்டால் சிமெண்டுத் தரையில் குழி விழும்; கொட்டகைக்காரர் முன்பணத்திற் பிடித்துக்கொள்வார்.

துருவைப் பற்றி நெடுகச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, பாஸ்பேட் பூச்சுக் கொடுத்து, அதன்மேல் பொடிச் சாயத்தைச் சுட்டு ஏற்றுவது இன்றைய முறை. பூச்சுக்கு முன்பே எல்லாத் துளைகளையும் போட்டு, பிசிறுகளை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். கடற்கரையூர்களில் இருப்போர் இதில் கூடுதற் கவனம் கொள்க.

ஒரு சிறு செய்தி. பெங்களூர்ப் பட்டறை ஒன்றில் கன்னடம் படிப்பவர் ஒருவர், தமிழ் படிப்பவர் ஒருவர், இந்தி மட்டும் அறிந்தவர் ஒருவர், எதுவும் படிக்காதவர் ஒருவர் என்று நால்வர் நிற்பது வழக்கம். தட்டின் முகத்தில் எந்த மொழியில் பெயர் எழுதுவது? முதலாளி தமிழர் என்பதற்காகத் தமிழில் மட்டும் எழுதினால் மற்ற மூவரும் தட்டுத் தட்டாக இழுத்துத் தேடுவர். அதன் விளைவை மேலே பார்த்தோம். எண் எல்லோருக்கும் பொது. அதனினும் மேலானது, உள்ளே இருக்கும் பொருளில் ஒன்றையே தட்டின் முகத்தில் கம்பியாற் கட்டித் தொங்கவிடுவது. மரையாணித் தட்டின்மேல் ஒரு மரையாணி. இதைப் படிக்க எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம்.

பட்டறை இல்லாத நேயர்களும் இந்த அடுக்கை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க உடையவர் இசைவதில்லை. அப்படியானால் அடுக்கின் ஆழத்தைக் குறைக்காமல் உயரத்தை 1,200-க்குள் வைத்து, அடித்தட்டில் அரிசியையோ பருப்பையோ நிரப்பி வையுங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறும் நாளில் கால்கள், தண்டவாளங்கள், சாய்வுப் பட்டைகள் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிடலாம். தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமரும். மரையாணிகளை மட்டும் ஒரு சிறு துணிப்பையில் முடிந்து உங்கள் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புதிய வீட்டில் முதலில் தேடப்படுவது அந்தப் பைதான்.